வழியில் ஏறியவள்

இடது காலுக்கு வேலையில்லாத வண்டி. சென்னையில் சாவியைக் கையில் கொடுக்கும்போதே சேவியர் சார் சொல்லியிருந்தார், ஆட்டோமேட்டிக், கிளட்ச் கிடையாது, இடது காலைச் சும்மா வைத்துக்கொண்டால் போதும் என்று. சும்மா வைத்துக்கொள்வது அவ்வளவு லேசான காரியமில்லை என்பது தனகோட்டிக்குக் கர்நாடகத்தில் ஹாவேரியை நெருங்கும்போதுதான் தெரிந்தது. ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி பஸ்ஸை இத்தனை வருஷம் ஓட்டிய கால் அது. முன்னால் ஒரு லாரி வேகம் குறைந்தால் தானாக எழுந்து, இல்லாத கிளட்ச்சைத் தேடி மிதித்து, ரப்பர் விரிப்பில் பட்டு அசடு வழியத் திரும்பி வந்தது. கண்ணாடியில் பார்த்தான். பின் சீட்டில் படுத்திருந்த அமுலுவின் முகம் தெரியவில்லை, மடக்கிய முழங்காலும் அதன்மேல் நீலப் போர்வையும் மட்டும் தெரிந்தன. போர்வை அசைந்தது. அவள் மூச்சுக்கு அசைகிறதா, வண்டியின் ஆட்டத்துக்கு அசைகிறதா என்று நேற்றிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான், ரோட்டைப் பார்த்த நேரத்தைவிட அதைப் பார்த்த நேரம்தான் அதிகமாக இருக்கும். சீட்டுக்கு இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. அது நல்லதற்குத்தான், அவளுக்குக் குமட்டினால் துடைத்துவிடலாம். ஆனால் பிளாஸ்டிக்கில் முதுகு வியர்க்கிறது என்று காலையில் ஒரே ஒரு முறை சொன்னாள், அதற்குப் பிறகு சொல்லவில்லை. சொல்லாததால் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வதா. அவள் எதையும் ஒரு முறைக்கு மேல் சொல்கிறவள் இல்லை. வயிற்றில் என்னமோ கல் மாதிரி இருக்கிறது என்று போன ஆடியில் ஒரு முறை சொன்னாள், அவன் சோடா வாங்கிக் கொடுத்தான், குடித்தாள், அதோடு சரி. சோடா. நினைக்க வேண்டாம். முன்னால் பார், பாலம் வருகிறது.

நாளைக் காலையில் பம்பாய் ஆஸ்பத்திரியில் அவளைக் காட்ட வேண்டும். அந்தத் தேதியை விட்டால் அடுத்த தேதி எப்போது என்று போனில் பேசிய பெண்ணுக்கே தெரியவில்லை. ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் நகரவேயில்லை, பஸ்ஸில் ஒரு ராத்திரி ஒரு பகல் அவளால் உட்கார முடியாது. அப்போதுதான் டிராவல்ஸ்காரன் ஒருத்தன் இதைச் சொன்னான். பம்பாய்க்கு மாற்றலாகிப் போகிற சேவியர் என்று ஒருவர் குடும்பத்தோடு பிளேனில் போகிறார், அவர் காரைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் வேண்டும், டீசலும் டோலும் அவருடையது. தனகோட்டிக்கு அது சாமி கொடுத்த மாதிரி இருந்தது. பைசா செலவில்லாமல், அமுலு காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போகலாம். ஒரே ஒரு நிபந்தனை, வண்டியில் வேறு ஆள் ஏறக் கூடாது. சரி சார் என்றான். சரி சார் என்று சொல்லும்போதே, வாலாஜாவைத் தாண்டி எந்தப் புளியமரத்தடியில் அவளை நிற்கச் சொல்வது என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. சொந்தப் பெண்டாட்டியைத் திருட்டுச் சரக்கு மாதிரி, இரண்டு பக்கமும் பார்த்து, கதவைத் திறந்து, சீக்கிரம் ஏறு என்று ஏற்றினான். அவள் சிரித்தாள். கல்யாணத்துக்கு முன்னாடி ஓடிப்போயிருந்தா இப்படித்தான் இருந்திருக்கும் மாமா என்றாள். ஏறியதும் காருக்குள் தொங்கிய வாசனைப் புட்டியின் நெடி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அதைக் கழற்றி டேஷ்போர்டுக்குள் போட்டான். அதற்குக்கூடப் பயமாக இருந்தது. இந்த வண்டி எங்கே நிற்கிறது, எங்கே ஓடுகிறது என்று சேவியர் சாரின் போனில் தெரியுமாம். சித்ரதுர்க்கா பக்கம் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்த இடத்தில் அமுலு இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தபோது, அவள் தலையை அவன் பிடித்துக்கொண்டிருந்தபோதே போன் அடித்தது. வண்டி நிக்குதே தனகோட்டி, ஏதாவது பிரச்சனையா. டீ குடிக்க நிறுத்தினேன் சார். ஒரு கையில் போன், இன்னொரு கையில் அவள் நெற்றி. நெற்றி சில்லிட்டிருந்தது. வாசனைப் புட்டியைக் கழற்றியதும் அவருக்குத் தெரிந்திருக்குமோ, பின் சீட்டில் ஒரு கனம் இருப்பதும் தெரிந்திருக்குமோ, இந்தக் காலத்து வண்டி எதைத்தான் சொல்லாது. அப்படியெல்லாம் இருக்காது. இருந்தால் கேட்டிருப்பார். கேட்காமல் மனசில் வைத்துக்கொள்கிறவராக இருந்தால்?

மிளகாய் மூட்டை ஏற்றிய லாரிகள் வரிசையாக வந்தன. கண்ணாடியை ஏற்றி மூடியிருந்தும் காரம் உள்ளே வந்தது. அமுலு இருமினாள், இருமல் வயிற்றைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும், ம் என்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. அந்த ம்-க்குப் பிறகு வரும் ஒன்றுமில்லாததுதான் அவனால் தாங்க முடியாதது. ஊரில் டாக்டர் சொன்ன ஒரு வார்த்தை வேறு முள்மாதிரி மாட்டிக்கொண்டிருந்தது. பம்பாய்ல புதுசா ஒரு ஊசி போடறாங்களாமே சார் என்று இவன் கேட்டதற்கு, "பாம்பே போய்ப் பாக்கறதுன்னா பாருங்க" என்றார். பாருங்க என்று மட்டும் சொல்லியிருந்தால் வேறு. பாக்கறதுன்னா. அந்த 'ன்னா'வில் என்ன இருந்தது? போனால் நல்லது என்றா, போய்த்தான் தீருவேன் என்றால் நான் என்ன செய்ய என்றா? அதைச் சொன்னபோது அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும். திரும்பப் போய்க் கேட்டிருக்கலாம், சார், நீங்க சொன்ன அந்த 'ன்னா'வுக்கு என்ன அர்த்தம் என்று எந்த டாக்டரிடம் போய்க் கேட்பது. ஒரு தடவை ஆஸ்பத்திரி வாசல்வரை போனான். டோக்கன் கொடுக்கிற இடத்தில் யாருக்கு என்று கேட்டார்கள். யாருக்குமில்லை என்று திரும்பி வந்துவிட்டான். அமுலுவும் அந்த அறையில்தான் இருந்தாள், அவளுக்கும் கேட்டிருக்கும். இதுவரை அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை, இவனும் பேசவில்லை.

ஷிக்காவ் தாண்டும்போது போன் அடித்தது. சேவியர் சார் நல்ல குரலில்தான் பேசினார். ஒரு சின்ன உதவி என்றார். ஹூப்ளியில் அவருடைய சித்தி இருக்கிறார், பிலோமினா டீச்சர் என்று பெயர், ரயில்வே ஸ்கூலில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், புனேயில் மகள் வீட்டுக்குப் போக வேண்டும், வண்டி எப்படியும் அந்த வழியாகத்தானே வருகிறது, பைபாஸில் மேம்பாலத்துக்குக் கீழே வந்து நிற்கச் சொல்லியிருக்கிறேன், ஏற்றிக்கொண்டு புனேயில் விட்டுவிடுங்கள். சரி சார் என்றான். வாயில் வேறு வார்த்தையே கிடையாதா என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. போனை வைத்த பிறகு வண்டிக்குள் ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் தூங்கிக்கொண்டிருந்தால் நல்லது என்று நினைத்தான். எதற்கு நல்லது என்று தெரியவில்லை. ஒருவேளை அவள் எழுவதற்குள் தானாக ஏதாவது ஆகிவிடும், டீச்சருக்குக் காய்ச்சல் வரும், மனசு மாறி ரயிலில் போகிறேன் என்று சொல்வார். "கேட்டுச்சு" என்றாள் அமுலு பின்னாலிருந்து.

ரோட்டோரம் நிறுத்தினான். நிறுத்தினால் தெரியும் என்று நினைவு வந்தது, தெரிந்தால் தெரியட்டும். சாருக்குப் போன் போட்டு உள்ளதைச் சொல்லிவிடலாமா என்றான். சொன்னால் என்ன செய்வார், வண்டியை அங்கேயே நிறுத்து, வேறு ஆள் அனுப்புகிறேன் என்பார், அப்புறம் இந்தப் பருத்திக் காட்டுக்கு நடுவில் இவளை வைத்துக்கொண்டு எந்த பஸ்ஸுக்குக் கை காட்டுவது. இல்லை, நல்ல மனுஷனாக இருந்து பரவாயில்லை என்றும் சொல்லலாம். எது என்று தெரியாது. போனை எடுத்தான், பேரைத் தேடி எடுத்தான், பேர்மேல் விரல் வைக்க வரவில்லை. அமுலு எழுந்து உட்கார்ந்தாள். எழுந்து உட்காருவதையே இரண்டு மூன்று தவணையாகத்தான் செய்தாள். பிறகு ரொம்ப நேரம் யோசித்து வைத்திருந்தவள் மாதிரி சொன்னாள்.

"மாமா, நீ ஒண்ணும் பேசாத. என்ன யாருன்னே உனக்குத் தெரியாதுன்னு சொல்லிடு. பொண்டாட்டின்னு சொன்னா திட்டம் போட்டு ஏத்தினதா ஆயிடும். வழியில நின்ன பொம்பளன்னா, பாவம்னு ஏத்தினதோட போயிடும். பஸ் ரிப்பேராயி நின்னேன், தமிழ் ஆளுன்னு தெரிஞ்சு கை காட்டினேன், அவ்ளோதான்."

வேண்டாம் என்றான். வேறு என்ன செய்யப் போகிறாய் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபித்துக்கொள்ளவாவது செய்திருக்கலாம். போர்வையை மடித்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த தலையணையை அவன் பக்கம் நீட்டினாள், அதைக் கொண்டுபோய் டிக்கியில் சார் வீட்டு அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் திணித்தான். தலையணையில் அவள் தலை வைத்திருந்த பள்ளம் இன்னும் எழும்பவில்லை. திரும்பி வந்தபோது அவள் தலையைச் சீவிப் பின்னலைச் சரிசெய்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள், இடம் கொடுத்தவர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் உட்காருகிற மாதிரி. வண்டியை எடுத்தான். கொஞ்ச தூரம் போனதும், "அண்ணா, ஏசியக் கொஞ்சம் கொறைங்க" என்றாள். அவனுக்கு முதலில் யாரோ என்றிருந்தது. பழகிப் பாத்தேன் என்றாள், அப்புறமா வாய் தடுமாறக் கூடாதில்ல. அவன் ஏசியைக் குறைத்தான். அந்த வார்த்தை குளிரைவிட மோசமாக முதுகில் இறங்கியது. கம்பெனி பஸ்ஸில் ஏறுகிற பெண்பிள்ளைகள் எல்லாம் அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள், அண்ணா நிறுத்துங்க, அண்ணா பாட்டுப் போடுங்க, அண்ணா அவ வரா ஒரு நிமிஷம். சிப்காட் தாண்டி ஏறுகிற ஒருத்தி மட்டும் ஒன்றும் கூப்பிட மாட்டாள். இறங்க வேண்டிய இடம் வரும்போது எழுந்து வந்து படிக்குப் பக்கத்தில் பேசாமல் நிற்பாள், நிற்கிறாள் என்பதை இவனே பார்த்து நிறுத்த வேண்டும். இவனும் பார்த்தான். அவள் அண்ணா என்று கூப்பிடாததிலிருந்துதான் எல்லாமே ஆரம்பித்தது. கண்ணாடியை அவள் பக்கமாகத் திருப்பிவைத்ததும், அதைப் பார்த்துப் பின்னால் இருந்தவர்கள் சிரித்ததும், ஒரு மழை நாளில் பஸ்ஸில் கடைசி ஆளாக அவள் மட்டும் இருந்ததும். இத்தனை வருஷம் கழித்து, இந்தக் கன்னட ரோட்டில், அந்த வார்த்தையை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டாள். இனிமேல் திரும்ப மாமா என்று கூப்பிடுவாளா, புனே தாண்டியதும் கூப்பிடுவாளா, அதற்கு எத்தனை மணியாகும்.

பிலோமினா டீச்சர் சொன்ன இடத்தில் சொன்னபடி நின்றார். ஒரு பெட்டி, ஒரு கூடை, வெயிலுக்குப் பூப்போட்ட குடை. தனகோட்டி கதையைச் சொன்னான். சொல்லும்போது நாக்கு ஒட்டியது, பஸ் ரிப்பேர் டீச்சர், உடம்பு சரியில்லாத பொம்பள, நம்ம ஊர்ப் பேச்சு, விட்டுட்டு வர மனசில்ல, சார்கிட்ட... என்று இழுத்தான். டீச்சர் அதற்கு என்னப்பா என்றார், ஏறியவர் முன் சீட்டில் ஏறவில்லை, பின்னால் அமுலுவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பேச்சுத் துணை கிடைத்தது என்று சந்தோஷப்பட்டார். அவர் நல்லவர் என்று உடனே தெரிந்துவிட்டது. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் பொய் சொன்னதற்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். இனி அமுலு படுக்க முடியாது, அதுதான் முதலில் தோன்றியது. நானூறு கிலோமீட்டர் அவள் உட்கார்ந்தே வர வேண்டும். பிளாஸ்டிக் உறை ஒவ்வொரு பள்ளத்துக்கும் கிரீச்சிட்டது, அந்தச் சத்தத்தை வைத்து அவள் எந்தப் பக்கம் சாய்கிறாள், எந்தப் பக்கம் வலிக்கிறது என்று கண்டுபிடிக்கப் பார்த்தான். கண்ணாடியில் கண்ணைத் தேடினான். வலிக்குதா என்று புருவத்தாலாவது கேட்டுவிடலாம். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள், ஒரு முறைகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. வேஷத்தை அவ்வளவு ஒழுங்காகச் செய்தாள். தண்ணி வேணுமா என்று கேட்கலாமா, ஒரு டிரைவர் வழியில் ஏறினவளைக் கேட்பானா, ஒரு தடவை கேட்பான், மூன்று தடவை கேட்க மாட்டான். மாத்திரை நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. மாத்திரை அவன் சட்டைப் பையில் இருந்தது. முட்டாள், அதை அவளிடம் கொடுத்திருக்க வேண்டாமா. இப்போது எப்படி எடுத்து நீட்டுவது, யாரோ ஒருத்தியின் மாத்திரை இவன் பையில் எப்படி வந்தது என்று டீச்சர் கேட்டால்? பையைத் தொட்டுப் பார்த்தான். தார்வாடு போனது. பெல்காம் நெருங்கியது. ரோட்டின் இரண்டு பக்கமும் கரும்பு எழும்பி நின்றது. டீச்சர் கூடையிலிருந்து தார்வாடு பேடா எடுத்துக் கொடுத்தார். அமுலு வேண்டாம் என்றாள், சாப்பிட்டால் தங்காது என்றாள். அப்படியே ஒன்றிலிருந்து ஒன்றாக, என்ன உடம்புக்கு என்று டீச்சர் கேட்டார்.

அமுலு சொன்னாள். வயிற்றில் இருப்பதை, பேர் சொல்லியே சொன்னாள். அந்தப் பேரை அவர்கள் வீட்டில் இதுவரை யாரும் சொன்னதில்லை. அவன் சொன்னதில்லை, மகள் சொன்னதில்லை, அது வந்ததிலிருந்து 'அது' என்றுதான் பேர். பக்கத்து வீட்டுக் கதை சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். டீச்சர் ஐயோ என்றோ கடவுளே என்றோ சொல்லவில்லை, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார் போலிருக்கிறது, வளையல் சத்தம் கேட்டது. தனியாவா போறீங்க, வீட்டுக்காரர் வரலையா என்றார். தனகோட்டியின் கை ஸ்டியரிங்கில் வழுக்கியது. வேலை இருக்கு, பின்னாடி வருவாரு என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவாள் என்று எதிர்பார்த்தான். முடிக்கவில்லை. அவள் பேசினாள். கொஞ்சம் பேசி, மூச்சு வாங்கி, திரும்பப் பேசினாள். முகம் ஜன்னல் பக்கம்தான் இருந்தது.

"எனக்குப் போறதுக்கு இஷ்டமே இல்லீங்க டீச்சர். எனக்குத் தெரியும், இது அவ்ளோதான்னு. எங்க ஊர் டாக்டர் சொன்ன விதத்துலயே தெரிஞ்சுடுச்சு. என்னைக் கேட்டா வீட்டுலயே இருந்திருப்பேன், பொண்ணு காலேஜ் போயிட்டு வரதப் பாத்துக்கிட்டு. எங்க வூட்டுக்காரருக்காகத்தான் போறேன். அவரால சும்மா இருக்க முடியாது. நாளைக்கு அவரு தனியா உக்காந்திருக்கும்போது, பம்பாய்க்கு இட்டும்போயிருந்தா பொழச்சிருப்பாளோன்னு ஒரு நெனப்பு வந்து அவர அரிக்கக் கூடாது. போயிட்டு வந்துட்டா, எல்லாத்தையும் பாத்தாச்சுன்னு அவருக்கு ஒரு ஆறுதல் இருக்குமில்ல."

ரோடு ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைக் கோடு வந்து வண்டிக்கு அடியில் போய்க்கொண்டே இருந்தது. வண்டியை நிறுத்த வேண்டும், நிறுத்தி, இறங்கி, பின் கதவைத் திறந்து, என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. ஒரு வழிப்போக்கி தன் கதையைச் சொன்னால் ஒரு டிரைவர் என்ன செய்வான், ஐயோ பாவம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு ஓட்டுவான். அவன் ஓட்டினான். டீச்சருக்குத்தான் சொன்னாளா, இல்லை இவனுக்கா. இவனிடம் மாமா என்று கூப்பிட்டுச் சொல்ல முடியாததை அண்ணா என்று கூப்பிடுகிற இடத்துக்குப் போய் நின்றுகொண்டு சொன்னாளா, இதற்காகத்தான் அந்த யோசனையையே சொன்னாளா, அப்படியெல்லாம் திட்டம் போடுகிறவளா அவள், இருக்காது, டீச்சர் கையைப் பிடித்ததும் வந்துவிட்டிருக்கும். வண்டியைத் திருப்பிவிடலாம். இங்கேயே நடுத்திட்டில் வருகிற ஒரு வெட்டில் திருப்பி ஊரைப் பார்த்து விட்டுவிடலாம், உனக்காக நான் வரேன் எனக்காக நீ வர, யாருக்காகவும் வேண்டாம், வா போகலாம். வண்டி அவனுடையதில்லை. திருப்பினால் ஒரு போன் வரும், டீச்சர் புனேக்குப் போக வேண்டும், பெட்டிகள் பம்பாய்க்குப் போக வேண்டும். போகாமல் விட்டால் அப்புறம் அவள் சொன்ன அந்த நினைப்பு வரும், நிச்சயம் வரும், இப்போதே வந்துவிட்டது, வாசலில் வந்து நிற்கிறது. போனாலும் வரும் என்பது அவளுக்குத் தெரியாதா. சீக்கிரம் போயிருக்கலாமோ என்று வரும், சோடாவாக வரும். பொழச்சிருப்பாளோ என்று அவள் தன்னைப் பற்றியே எட்ட நின்று சொன்னாளே, அந்த 'ளோ' எங்கேயோ போய் மாட்டிக்கொண்டது. அவன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்த்து, அவளும் பார்த்துவிட்டால் என்ன செய்வது.

பின்னால் பேச்சு அடங்கிவிட்டது. எப்போது அடங்கியது என்று அவன் கவனிக்கவில்லை. நிப்பானி தாண்டியிருந்தார்கள், வெயில் கரும்புக்கு மேலே சாய்ந்திருந்தது. கடைசியில் கண்ணாடியைப் பார்த்தபோது அமுலு டீச்சரின் தோளில் சாய்ந்து வாயைக் கொஞ்சம் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு நாளில் இப்போதுதான் முகம் முழுசாகத் தெரிந்தது. நெற்றியில் சுருக்கம் இல்லை. அவள் அப்படித் தூங்கிப் பார்த்து வெகு நாளாகியிருந்தது. அவன் மூச்சைக்கூட சத்தமில்லாமல் விட்டான்.

"உங்க வீட்டுல எப்படி தம்பி?" டீச்சர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "மனைவியெல்லாம் சௌக்கியமா இருக்காங்களா?"

"இப்பத்தான் கண்ணசந்தா டீச்சர்" என்றான் தனகோட்டி. "ராத்திரி பூரா தூங்கல."

தான் சொன்னது அவன் காதில் விழவே கொஞ்ச நேரம் ஆயிற்று. திருத்திச் சொல்லலாம், வீட்டிலிருக்கிற மனைவியைத்தான் சொன்னேன், போனில் பேசினேன், அப்படி ஏதாவது. டீச்சர் தோளில் கிடந்த தலையைப் பார்த்தார், கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தார், திரும்பவும் அந்தத் தலையைப் பார்த்தார். அவருடைய கைப்பையில் போன் இருக்கிறது, அதில் சேவியர் சாரின் நம்பர் இருக்கிறது. அடிக்கப் போகிறாரா. கையை எடுத்தார். எடுத்த கை பைக்குப் போகவில்லை, அமுலுவின் முகத்தில் விழுந்த வெயிலை மறைத்துக்கொண்டு நின்றது.

"மெதுவாவே போங்க" என்றார். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

மெதுவாகப் போனால் அவள் அலுங்காமல் தூங்குவாள். வேகமாகப் போனால்தான் காலையில் அங்கே நிற்க முடியும். அங்கே நிற்பது யாருக்காக என்று இனிமேல் யாரைக் கேட்பது. முன்னால் இரண்டு டிரெய்லர் நிறையக் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று, ஏதோ மராட்டிப் பாட்டைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு ஆடி ஆடிப் போயிற்று. வலது பக்கம் ரோடு வெறுமையாகத்தான் கிடந்தது. பின்னாலிருந்து வந்த வண்டிகள் ஒவ்வொன்றாக அந்த வழியில் முந்திக்கொண்டு போயின. தனகோட்டி முந்தவில்லை, அந்தக் கரும்புக்குப் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தான்.